டீசல் பில்டர் மாத்தும்போது பில்ஜுக்குள்ள எண்ணெய் போகாமச் செய்யிறது எப்படி?

திக்கோவிட்ட_32அடி எழுதியது:

வணக்கம். 32 அடி பைபர் போட், நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின். 400 லீற்றர் தாங்கி எஞ்சினுக்குப் பின்னால, அதைவிடக் கொஞ்சம் உயரத்தில நிக்குது. முதல் பில்டர் தண்ணி பிரிக்கிற கண்ணாடிக் கிண்ணத்தோட வாறது, ரெண்டாவது எஞ்சினோட ஒட்டின திருகு பில்டர். ரெண்டையும் மாத்தி எயார் எடுத்து (குழாய்க்குள்ள நிக்கிற காத்தை வெளியேத்தி) முடியிறதுக்குள்ள அரைப் போத்தல் டீசல் கீழ பில்ஜுக்குள்ள, அதாவது போட்டின்ர அடியில தண்ணி தேங்கிற பள்ளத்துக்குள்ள, போயிடுது. துணி, சாக்கு எல்லாம் போட்டும் சரிவரேல்லை. வேலை முழுக்க துறைமுகத்துக்குள்ள, மற்றப் போட்டுகளுக்கு நடுவிலதான் செய்யவேணும். மண்ணெண்ணெயில ஓடுற 15 குதிரைவலு அவுட்போர்ட் ஒண்டும் இருக்கு. அதுக்கும் சேர்த்துச் சொன்னா நல்லம்.

மோதரை_மெக்கானிக் எழுதியது:

ஸ்பனரைத் தொடமுதல், பில்ஜ் தண்ணியை வெளிய இறைக்கிற மோட்டரை நிறுத்துங்க. டீசல் பில்ஜில கிடந்தா அது உங்க வேலை, அள்ளி எடுக்கலாம். மோட்டர் அதை வெளிய தள்ளிட்டா துறைமுகத்துக்கே பிரச்சினை. நிறையப் போட்டுகள்ல, தண்ணி ஏறினா மோட்டரைத் தானா ஓடவைக்கிற ஃப்ளோட் சுவிட்ச் பற்றறியில நேரா கொடுத்திருக்கும். மெயின் சுவிட்சை மூடினாலும் மோட்டர் ஓடும். அதனால ஃபியூஸைக் கழட்டி எஞ்சின் சாவியோட கட்டிவைங்க, வேலை முடிஞ்சு சாவி எடுக்கும்போது ஞாபகம் வரும். ஷாஃப்ட் கிளாண்டால (விசிறித் தண்டு போட்டை விட்டு வெளிய போற இடத்து அடைப்பு) தண்ணி ஒழுகுற போட் என்றா அரை மணிக்கு ஒருதரம் பில்ஜை எட்டிப் பாருங்க. மோட்டர் இல்லாம ராத்திரி விட்டுட்டுப் போகாதீங்க.

அடுத்தது தாங்கி வால்வு. உங்க தாங்கி எஞ்சினுக்கு மேல நிற்கிறதால, வால்வைத் திறந்து வெச்சு பில்டரைக் கழட்டினா தாங்கி காலியாகும்வரை வரும். வால்வு கைப்பிடி திரும்பினதால மூடிட்டுது என்று நம்பாதீங்க. பழைய வால்வுகள்ல உள்ள சீட் தேய்ஞ்சிருக்கும். மூடினபிறகு கிண்ணத்தின் அடி வடிகால் திருகைத் திறந்து ஒரு போத்தலுக்குள்ள விடுங்க. கொஞ்சம் வந்து நின்றா வால்வு சரி. நிக்காம வந்துகொண்டே இருந்தா அன்றைக்கு வால்வு மாத்துறதுதான் முதல் வேலை.

வடிகாலைத் திறந்தும் ஒண்டும் வரேல்லை என்றா, மேல எயார் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்க. மேலால காத்துப் போகாட்டி கீழால எண்ணெய் இறங்காது. பலபேர் வடிகால் அடைச்சிட்டுது என்று நினைச்சுக் கிண்ணத்தையே கழட்டிடுவாங்க, முழுதும் கையில கொட்டும். எண்ணெய் மட்டம் நீங்க திறக்கப்போற இணைப்புக்குக் கீழ இறங்கினபிறகுதான் கழட்டணும். அரைப் போத்தலில பெரும்பங்கு இந்த ஒரு படியிலயே மிச்சப்படும்.

திருகு பில்டருக்கு வடிகால் இருக்காது. தடிச்ச பொலித்தீன் பையைக் கீழ இருந்து மேல பில்டரோட கழுத்துவரை இழுத்து ரப்பர் பட்டி போடுங்க. பைக்கு மேலால பட்டி ஸ்பனர் பிடிச்சு அரைச் சுற்று தளர்த்திட்டு ஒரு நிமிசம் விடுங்க, விளிம்பால வடியிறது பைக்குள்ளயே விழும். பிறகு கையால கழட்டி, பையோட சேர்த்து நேராப் பிடிச்சபடி எடுங்க. பில்டர் படுக்கையாப் பூட்டியிருந்தா பை மட்டும் காணாது. 5 லீற்றர் பிளாஸ்டிக் கானை நீளவாக்கில வெட்டித் தட்டாக் கீழ செருகுங்க.

புதுசு போடமுதல் பழைய ரப்பர் வளையம் எஞ்சின் பக்கம் ஒட்டிக்கிடக்குதா என்று விரலால தடவிப் பாருங்க. ஒட்டியிருந்து அதுக்கு மேல புது வளையம் உட்கார்ந்தா, அசையாம நிக்கும்போது ஒண்டும் தெரியாது. எஞ்சின் சூடாகி அழுத்தம் வந்ததும் பிய்ச்சு அடிக்கும். வளையத்தில டீசல் தடவி, தொட்டபிறகு கையால முக்கால் சுற்று. ஸ்பனர் வேண்டாம்.

கடல்மணி எழுதியது:

மெக்கானிக் சொன்னதோடு ரிட்டர்ன் குழாயையும் சேர்க்க வேண்டும். இன்ஜெக்டர்களில் மிஞ்சுகிற டீசல் தாங்கிக்குத் திரும்புகிற குழாய் தாங்கிக்குள் அடிவரை இறங்கியிருந்தால், எஞ்சின் பக்கம் திறந்ததும் அந்த வழியாகவும் சைபனாக இறங்கும். சப்ளை வால்வை மட்டும் மூடிவிட்டு “மூடித்தானே இருக்கிறது, எங்கிருந்து வருகிறது?” என்று தேடுவது இதனால்தான். குழாய் தாங்கியின் மேல்பகுதியிலேயே முடிந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மோதரை_மெக்கானிக் எழுதியது:

கடல்மணி அண்ணே, ரிட்டர்னில வால்வு போடுங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. மூடினதை மறந்துட்டு ஸ்டார்ட் பண்ணினா எண்ணெய் திரும்பிப்போக வழி இல்லாம, இன்ஜெக்டருக்கு மேல இருக்கிற மெல்லிய ரப்பர் குழாய்கள் பிடுங்கிக்கொள்ளும். பம்பு சீலும் போகலாம். அரைப் போத்தலைக் காப்பாத்தப் போய் எஞ்சின் முழுக்க டீசல் குளிப்பாட்டின மாதிரி ஆயிடும்.

கடல்மணி எழுதியது:

உண்மை. நிரந்தர வால்வு வேண்டியதில்லை. வேலை நேரத்தில் குழாயைக் கழற்றி இரு முனைகளுக்கும் அடைப்பான் போட்டால் போதும். அடைப்பான் கண்ணுக்குத் தெரியும், குழாயைத் திரும்பப் பூட்டாமல் யாரும் எஞ்சினைக் கிளப்ப மாட்டார்கள். ரப்பர் ஹோஸை கிளாம்பால் நெரித்து மூடுவதை நான் விரும்புவதில்லை. பழைய ஹோஸ் உள்ளே வெடித்து, துகள் அடுத்த பில்டரில் போய் உட்காரும்.

திக்கோவிட்ட_32அடி எழுதியது:

நன்றி. புது பில்டரை டீசலால நிரப்பிப் போட்டா எயார் எடுக்கிற வேலை குறையும் எண்டு சொல்லுவினம். ஆனா நிரப்பினதைத் தூக்கித் திருப்பிப் பூட்டேக்கதான் கொட்டுப்படுது. நிரப்பாமப் போடலாமோ?

மோதரை_மெக்கானிக் எழுதியது:

எஞ்சின் பக்கத் திருகு பில்டரை வெறுமையாவே போடுங்க தம்பி. நடு ஓட்டை வடிகட்டின பக்கம். அதுக்குள்ள கானில இருந்து ஊத்தினா வடிகட்டாத டீசல் நேரா இன்ஜெக்டர் பம்புக்குப் போகும். ஓரத்துச் சின்ன ஓட்டைகளாலதான் ஊத்தணும், அதுக்குப் பொறுமை யாருக்கு இருக்கு? கைப்பம்பால அடிச்சு நிரப்பினா சிந்தவும் மாட்டுது, தூசியும் போகாது. முதல் பில்டர் கிண்ணத்துக்கு மட்டும் மேலால ஊத்தலாம், அது வடிகட்டுறதுக்கு முந்தின பக்கம்தானே.

எயார் எடுக்கும்போது சிந்துறதுக்குக் காரணம் ஒண்டு இருக்கு. எஞ்சின் பக்கத்து டீசல் கைப்பம்பின் நெம்பை அடிச்சா தொய்வா, வேகமில்லாம இருக்கும். உடனே பம்பு போச்சு என்று அடுத்தடுத்த திருகுகளை எல்லாம் திறந்துவிடுவாங்க. பம்பைத் தள்ளுற கேம் உச்சியில நின்றா நெம்புக்கு ஓட்டம் இருக்காது. கிராங்கை ஒரு சுற்றுத் திருப்பிட்டு மறுபடி அடிங்க, பிடிக்கும்.

எயார் திருகை ஒண்டரைச் சுற்றுக்கு மேல தளர்த்தத் தேவையில்லை. நிப்பிள் மாதிரி முனை இருந்தா, உட்புறம் சரியா இறுகுற தெளிவான பிளாஸ்டிக் டியூபை மாட்டி மற்ற முனையைப் போத்தலுக்குள்ள, டீசலுக்கு அடியில வையுங்க. குமிழி நின்றதைக் கண்ணால பாக்கலாம், ஒரு சொட்டு வெளிய வராது. வெறும் திருகு என்றா துணியை மடிச்சு அடியில கட்டி, கீழ தட்டு. முதல் பில்டர், அடுத்தது எஞ்சின் பில்டர், கடைசியா இன்ஜெக்டர் பம்பு. இந்த வரிசையை மாத்தினா எயார் திரும்பத் திரும்ப வரும், அதோட டீசலும் திரும்பத் திரும்பச் சிந்தும்.

இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்த வேண்டிவந்தா எல்லாத்தையும் அவிழ்க்காதீங்க. ரெண்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, துணி சுத்தி ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு அடிங்க. எஞ்சின் கிளம்பாம நீண்ட நேரம் அடிக்கிறதா இருந்தா கடல் தண்ணி வால்வை மூடுங்க. மூடாட்டி, எஞ்சினைக் குளிர்விக்கிற அந்தத் தண்ணி புகை வழியில நிறைஞ்சு சிலிண்டருக்குள்ள ஏறிடும். எஞ்சின் பிடிச்சதும் உடனே திறந்துவிடணும்.

பஞ்சிகாவத்தை_சாமான் எழுதியது:

செப்பு வாஷரைப் பத்தி யாரும் பேசல. எயார் திருகு, பேஞ்சோ போல்ட் (குழாய் வளையத்தைப் பிடிக்கிற, உள்ளால ஓட்டை உள்ள போல்ட்) எல்லாத்திலயும் செப்பு வாஷர் இருக்கும். ஒருதரம் நசுங்கினா கெட்டியாகிடும், அடுத்தமுறை எவ்வளவு இறுக்கினாலும் சரியாப் படியாது. ஆக்கள் இன்னும் இறுக்கி மரையையும் சேர்த்துக் கெடுக்கிறாங்க. பழசையே பாவிக்கணும்னா இடுக்கியில பிடிச்சு மங்கலாச் சிவக்கும்வரை சூடாக்கித் தண்ணில போடுங்க, மிருதுவாகிடும். போட்டுக்குள்ள வெச்சு இதைச் செய்யாதீங்க, கரையில. பேஞ்சோவுக்கு ஒரு பக்கம் ஒண்டு, மறுபக்கம் ஒண்டு, ரெண்டுமே மாத்தணும். பழைய வாஷரைக் கையில கொண்டு வாங்க. “பத்து மில்லி ஒண்டு குடுங்க” என்று கேட்டா கடையில பத்து விதம் காட்டுவாங்க.

ஹோஸ் கிளிப் ஓட்டை போட்ட பட்டியா இல்லாம, புடைச்ச பல் உள்ள முழுப் பட்டி எடுங்க. ஓட்டைப் பட்டி ஹோஸை வெட்டும். அதோட, திருகு மட்டும் சாதாரண இரும்பில வாற கிளிப் வேண்டாம். முகத்துவாரம் பக்கத்து உப்புக் காத்துக்கு அந்தத் திருகு சீக்கிரமே துருப்பிடிச்சுப் போகும், பட்டி புதுசு மாதிரியே இருக்கும். காந்தம் வெச்சுப் பார்த்து வாங்குங்க.

ரோசி_வத்தளை எழுதியது:

“நொடிக்கு ஒரு சொட்டுத்தானே” என்று விடுறவங்களுக்கு ஒரு கணக்கு. 20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லி. நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 180 மில்லி, ஒரு நாளைக்கு 4 லீற்றருக்கு மேலே. தண்ணீரில் வானவில் நிறமாகத் தெரிகிற படலம் ஒரு மைக்ரோனில் மூன்றில் ஒரு பங்கு தடிப்பிலேயே தொடங்கிவிடும். அந்தத் தடிப்பில் 1 லீற்றர் டீசல் ஏறக்குறைய 3000 சதுர மீற்றருக்குப் பரவும்.

கடலோரம்77 எழுதியது:

பாத்திரம் கழுவுற திரவத்தில ஒரு மூடி ஊத்தினா படலம் காணாமப் போகுது. அதுதான் எல்லாரும் செய்யிறாங்க. அதுல என்ன பிழை?

ரோசி_வத்தளை எழுதியது:

எண்ணெய் எங்கேயும் போகவில்லை தம்பி. சவர்க்காரம் அதை நுண்துளிகளாக உடைத்து நீருக்குள் கலக்கிறது. மேலே மிதக்கும்போது அள்ளலாம், ஒரு பகுதி தானாக ஆவியாகும். கலந்த பிறகு அள்ள முடியாது, மீன் முட்டையும் இறால் குஞ்சும் இருக்கிற நீரிலேயே தங்கும். சவர்க்காரமே செவுளுக்குக் கெடுதி. துறைமுகச் சுவருக்குள் நீரோட்டம் குறைவு, கொழும்பு பேரவாவி போன்ற இடமென்றால் சொல்லவே வேண்டாம்.

பில்ஜுக்குள் ஊற்றுவதும் அப்படித்தான். கலந்த டீசலை உறிஞ்சு துணி பிடிக்காது. மோட்டர் இறைக்கும்போது நல்ல தண்ணீர் மாதிரி வெளியே போய், பிறகு துறைமுகத்தில் படலமாகப் பிரியும். சட்டமும் இருக்கிறது: 2008 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம். இலங்கைக் கடற்பரப்பில் எண்ணெய் விடுவது குற்றம், போட் சின்னது என்று தப்ப முடியாது. சிந்திப் போய்விட்டால் துறைமுக அலுவலகத்துக்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்கும் அறிவிப்பதுதான் முறை.

திக்கோவிட்ட_32அடி எழுதியது:

உறிஞ்சுறதுக்கு என்ன போடுறது அக்கா? பிள்ளையளின்ர பேம்பர்ஸ் நல்லா உறிஞ்சுமாம்.

ரோசி_வத்தளை எழுதியது:

அது தண்ணீரைத்தான் இழுக்கும். பில்ஜில் தண்ணீருக்கு மேல் டீசல் மிதந்தால், பேம்பர்ஸ் தண்ணீரைக் குடித்து ஊதிவிட்டு டீசலை அப்படியே விடும். எண்ணெய்க்கென்றே வருகிற வெள்ளைப் பொலிபுரொப்பிலீன் விரிப்பு வாங்குங்கள். தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை மட்டும் பிடிக்கும். சாம்பல் நிறத்தில் வருவது எல்லாத் திரவத்தையும் குடிக்கும், உலர்ந்த தளத்துக்குப் பரவாயில்லை, பில்ஜுக்கு வேண்டாம்.

தும்புத்தூள் நம் நாட்டில் தாராளம். உலர்ந்த தளத்தில் சிந்தினதுக்கு மிக நல்லது, தூவிக் கூட்டி எடுக்கலாம். ஈரமான பில்ஜில் தூவாதீர்கள், தண்ணீரையும் குடித்துக் கஞ்சியாகி மோட்டர் வடிகட்டியை அடைக்கும். வேண்டுமென்றால் துணிப் பையில் கட்டிப் போடலாம்.

மட்டக்குளி_நானா எழுதியது:

அவுட்போர்ட் பத்தி நான் சொல்றேன். அதுல எண்ணெய் சிந்துறது பெரும்பாலும் கழட்டும்போது இல்ல, வெயில்ல சும்மா நிக்கும்போது.

தாங்கி மூடியில காத்துத் திருகு இருக்குதில்லையா? எஞ்சினை நிறுத்தி, அதை மூடி, ஹோஸை மாட்டினபடியே வெயில்ல விட்டா தாங்கிக்குள்ள அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கார்பரேட்டர் ஊசியைத் தள்ளித் திறக்கும். கிண்ணம் நிரம்பி எஞ்சின் மூடிக்குள்ள வடிஞ்சு பின்பக்கத்தால தண்ணிக்குள்ள. யாரும் பக்கத்துல இல்லாத நேரத்துல நடக்கிற வேலை இது. நிறுத்தினதும் எஞ்சின் பக்கத்து ஹோஸ் முனையைக் கழட்டுங்க. மறுபடி மாட்டுறதுக்கு முந்தி காத்துத் திருகை மெல்லத் திறந்து அழுத்தத்தை விடுங்க, அப்புறம்தான் மாட்டணும். மாட்டுற முனையில உள்ள சின்ன ஓ-ரிங் காய்ஞ்சிருந்தா அழுத்தும்போதெல்லாம் ஒழுகும்.

ஹோஸ் நடுவுல உள்ள ரப்பர் கைப்பல்பை, அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்த்து, நிமிர்த்திப் பிடிச்சு அழுத்தணும். படுக்க வெச்சு அழுத்தினா உள் வால்வு சரியா உட்காராது. கெட்டியானதும் நிறுத்துங்க. அதுக்கு மேல அழுத்துறது ஊசியைத் தள்ளுறதுதான். அழுத்தி விட்டதும் திரும்ப மிருதுவாகிட்டா எங்கேயோ ஒழுகுது, இல்லாட்டி பல்ப் வால்வு போச்சு.

மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு ரெண்டு தாங்கி, நடுவுல மாத்துற வால்வு. நிறுத்துறதுக்குக் கொஞ்ச நேரம் முந்தி பெற்றோலுக்கு மாத்தி ஓடவிட்டு நிறுத்தினா அடுத்த நாள் சுகமாக் கிளம்பும். அப்படிச் செய்யாட்டி மண்ணெண்ணெய் நிறைஞ்ச கிண்ணத்தைத் திருகு திறந்து கொட்டவேண்டி வரும், அதைத்தான் நேரா தண்ணிக்குள்ள விடுறாங்க. யோகட் கோப்பை ஒண்டு காணும், கிண்ணத்துல இருக்கிறது அவ்வளவுதான். அந்தக் கோப்பையை அடியில பிடிச்ச பிறகு திருகைத் திறங்க. பெற்றோலை அதுல வெச்சிருக்க வேணாம், உடனே கானுக்கு மாத்துங்க.

ரெண்டு ஸ்ட்ரோக் ஒயில் கலக்கிறது கரையிலதான். 50க்கு 1 என்றா 20 லீற்றருக்கு 400 மில்லி. முதல்ல ஒயிலும் கொஞ்ச எரிபொருளும் போட்டுக் குலுக்கிட்டு மிச்சத்தை ஊத்துங்க. உங்க எஞ்சின் கைநூல்ல வேற அளவு இருந்தா அதுதான் சரி.

கியர் ஒயில்: கீழ்த் திருகு முதல், அப்புறம் மேல்த் திருகு. அடியில தட்டு வெச்சிட்டு. நிரப்புறது கீழ்த் திருகு ஓட்டையில டியூபை வெச்சு, மேலால வழியும்வரை. வழிஞ்சதும் மேல்த் திருகைப் பூட்டிட்டுத்தான் கீழ டியூபை எடுக்கணும், மேல மூடினா கீழ அவ்வளவா ஒழுகாது. ஒயில் பால் மாதிரி வந்தா சீல் போயிட்டுது. அப்படியே ஓடினா தண்ணி உள்ள போறதோட ஒயிலும் கடலுக்கு வரும்.

கடலோரம்77 எழுதியது:

நானா, கார்பரேட்டர் காலியாகும்வரை ஹோஸைக் கழட்டி ஓடவிட்டாப் போதாதா?

மட்டக்குளி_நானா எழுதியது:

பாதி சரி. ஓடி நின்றாலும் கிண்ணத்தின் அடியில கொஞ்சம் மிஞ்சும். எஞ்சினைச் சாய்ச்சா அதுதான் வழியும். கழட்டிக் கரைக்குக் கொண்டுபோறதா இருந்தா ஓடவிட்டு, அடித்திருகாலயும் எடுங்க. அதோட, தண்ணி இல்லாம ஓடவிடாதீங்க.

கடல்மணி எழுதியது:

நிரப்புவதில் ஒரு விடயம் விட்டுப்போனது. டீசல் ஒரு பாகை வெப்பம் கூடினால் ஏறக்குறைய 0.08% விரியும். நிலத்தடித் தாங்கியில் இருந்து வந்த டீசல் எஞ்சின் அறைச் சூட்டில் 15 பாகை ஏறினால், 400 லீற்றர் 5 லீற்றர் வரை பெருகும். தாங்கி விளிம்புவரை நிரம்பியிருந்தால் அந்த 5 லீற்றருக்கும் காத்துக் குழாய் ஒன்றுதான் வழி. அதன் வாய் போட்டின் வெளிப்பக்கம் இருக்கும். 380இல் நிறுத்துங்கள். தென்மேற்குப் பருவத்தில், நிற்கும் இடத்திலேயே போட் உருளும் நாட்களில், இன்னும் குறைத்தாலும் நட்டமில்லை.

பெற்றோல் கானை போட்டுக்குள் வைத்து நிரப்பக்கூடாது. கரையில் தரையில் வைத்து, நொசில் கானின் வாயைத் தொட்டபடி நிரப்ப வேண்டும், நிலைமின்சாரப் பொறிக்காக. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், பில்ஜுக்குத்தான் இறங்கும். பெற்றோல் சிந்தினால் பில்ஜ் மோட்டர் சுவிட்சைக்கூடத் தட்டாதீர்கள். எல்லா மூடிகளையும் திறந்து காற்றோட விடுவது முதல் வேலை. குடிதண்ணீர் வருகிற 20 லீற்றர் போத்தலில் பெற்றோல் கொண்டுபோகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. அந்தப் பிளாஸ்டிக் அதற்கானதல்ல.

திக்கோவிட்ட_32அடி எழுதியது:

எல்லாம் குறிச்சு வச்சிட்டன். கடைசியா ஒண்டு. பூட்டி முடிச்சபிறகு ஒழுகுதா எண்டு எப்படி உறுதிப்படுத்துறது? டீசல் பட்ட எஞ்சின் எல்லா இடமும் ஈரமாத்தானே இருக்கும்.

மோதரை_மெக்கானிக் எழுதியது:

முதல்ல துணியால நல்லாத் துடைச்சு உலர்த்துங்க. ஒவ்வொரு இணைப்பிலயும் டிசு பேப்பர் ஒரு சுத்து சுத்தி, தளத்தில பத்திரிகைத் தாள் விரியுங்க. வெள்ளைத் தாள்ல டீசல் பொட்டு உடனே தெரியும். சுழல்ற பட்டி, புல்லி (பட்டி ஓடுற சில்லு) பக்கம் தாள் வேண்டாம். பத்து நிமிசம் மெதுவா ஓடவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டி இன்னும் பத்து நிமிசம். நிறுத்தி, வால்வு திறந்தபடியே அரை மணி விட்டுத் திரும்பப் பாருங்க. தாங்கிக்கும் கைப்பம்புக்கும் நடுவில உள்ள ஒழுக்கு எஞ்சின் ஓடும்போது வெளிய சொட்டாது, காத்தைத்தான் உள்ள இழுக்கும். நிறுத்தினபிறகுதான், உங்க தாங்கி உயரத்தில இருக்கிறதால, சொட்டும்.

இன்ஜெக்டர் குழாய்ப் பக்கம் ஓடும்போது கையை வெச்சுத் தேடாதீங்க. அந்த அழுத்தத்தில வாற மெல்லிய பீச்சல் தோலுக்குள்ளயே ஏறும், பார்வைக்குக் குண்டூசி குத்தின மாதிரித்தான் இருக்கும், ஆனா அன்றைக்கே ஆஸ்பத்திரி. மட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க.

பிறகு தட்டில, போத்தல்ல சேர்ந்ததை ஒரு மூடியுள்ள கானுக்கு மாத்துங்க. பழைய பில்டரைத் தலைகீழா வெச்சு ஒரு ராத்திரி வடியவிட்டா அதுலயும் கொஞ்சம் வரும். கழிவு ஒயிலையும் டீசலையும் அனுமதியுள்ள சேகரிப்பாளர்கிட்டக் குடுக்கணும், தண்ணி கலந்ததைத் தனிக் கானில வையுங்க, கலந்தா எடுக்கமாட்டாங்க. எல்லாம் முடிஞ்சு, விரிப்பால பில்ஜை ஒத்தி எடுத்து, மேல படலம் இல்லை என்று பாத்தபிறகு ஃபியூஸைப் போடுங்க.

திக்கோவிட்ட_32அடி எழுதியது:

தண்ணி கலந்ததைத் தனியா வைக்கவேணும் எண்டது தெரியாது. கிண்ணத்தில இருந்து முதல்ல வடியிறது அதுதானே, அதுக்கு வேற போத்தல் பிடிக்கிறன். நன்றி அண்ணை, நானா, அக்கா.